பதினோராவது வளைவில் ஒரு குரல்

சேலம் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வந்ததும் டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். இருக்கையிலிருந்து எழுந்து, பின்னால் திரும்பி, 32 பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"காலையில நல்லா சாப்ட்டவங்க எத்தனை பேரு?"

எல்லாக் கைகளும் மேலே போயின.

"அப்ப ஆளுக்கொரு கவர் வாங்கிக் கையில வெச்சுக்குங்க. மேல போக 20 கொண்டை ஊசி வளைவு. பாட்டெல்லாம் ஏற்காடு போய்ப் பாடிக்கலாம். அஞ்சாவது வளைவுக்கு மேல உங்களுக்கெல்லாம் வேற பாட்டுத்தான் வரும்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த இசை டீச்சர் மட்டும் சிரிக்காமல் பையைத் திறந்து எலுமிச்சம்பழங்களை எண்ணிக்கொண்டிருந்தார். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளைச் சேர்த்து அவர் நடத்தும் சேர்ந்திசைக் குழு அது. பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை. நெசவுக்காரர் மகள், லாரி டிரைவர் மகன், மளிகைக் கடைக்காரர் வீட்டு இரட்டையர் என்று எல்லாரும் உண்டு. முறையாகப் பாட்டு கற்றவர்கள் நாலைந்து பேர்தான்.

அது ஜனவரிக் கடைசி. மூன்று நாள் பயணம். வெள்ளிக்கிழமை மாலை ஈரோடு, சனிக்கிழமை மாலை சேலம், ஞாயிறு காலை 11 மணிக்கு ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டை. இரவுத் தங்கல் ஒரு கல்யாண மண்டபத்தில். அங்கே ஒருத்தி ஒரு கால் சாக்ஸைத் தொலைத்தாள். இரட்டையரில் ஒருவன் இன்னொருவனின் பிரஷ்ஷால் பல் தேய்த்தான். இப்படியாக மூன்றாம் நாள் வந்துவிட்டது.

பஸ்ஸுக்கென்று டீச்சர் மூன்று விதிகள் வைத்திருந்தார். முதல் விதி, மேல் குரல், நடுக் குரல், கீழ்க் குரல் என்று குழு குழுவாக உட்காரக் கூடாது, கலந்துதான் உட்கார வேண்டும். இரண்டாவது, தினமும் இடம் மாற வேண்டும். மூன்றாவது விதியைப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

"பக்கத்து ஆள் பாடறது உனக்குக் கேக்கலைன்னா, நீ பாடலை, கத்தறேன்னு அர்த்தம்."

ஒத்திகை அறையில் மாதக்கணக்கில் சொல்லியும் மண்டையில் ஏறாத விஷயம், பஸ்ஸில் ஒரே நாளில் ஏறிவிடும். காரணம் எளிது. ஓடும் பஸ்ஸில் எஞ்சின் சத்தம், ஜன்னல் கடகடப்பு, காற்று எல்லாம் இருக்கிறது. அதற்கு மேல் கத்தினால் பத்து நிமிஷத்தில் தொண்டை போய்விடும். மெல்லப் பாடி, காதைத் தீட்டிக்கொண்டால்தான் சேர்ந்து பாட முடியும். சேர்ந்திசைக்கு வாயைவிடக் காது முக்கியம் என்பதை ஒரு பழைய பஸ் அப்படிக் கற்றுக்கொடுக்கும்.

இந்தப் பயணத்தில் பிள்ளைகள் இன்னொரு விளையாட்டையும் கண்டுபிடித்திருந்தார்கள். வண்டி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போகும்போது அடித்தொண்டையில் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று முனகும். அதைச் சுருதியாக வைத்துக்கொண்டு பாடுவார்கள். 'டிரைவர் அண்ணனோட சுருதிப் பெட்டி' என்று அதற்குப் பெயர். ஆனால் அந்த முனகல் மிகவும் கீழே இருக்கும். சின்னப் பிள்ளைகளின் குரல் அங்கே இறங்காது. அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே பிடித்துப் பாடுவார்கள். கீழே பஸ், மேலே பிள்ளைகள்.

பஸ் மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண் வர, பிள்ளைகள் கோரஸாக எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவது வரிசையில் ஜன்னல் பக்கம் இருந்த பையன் மட்டும் எண்ணவில்லை.

ஒன்பதாம் வகுப்பு. பதினோரு வயதில் குழுவில் சேர்ந்தவன். குழுவிலேயே எட்டாத உயரத்துக்குப் போகும் குரல் அவனுடையது. நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டின் முதல் வரியை, எந்த வாத்தியமும் இல்லாமல், அவன் தனியாகப் பாடுவான். அவன் முடிக்கிற இடத்தில் மற்ற 31 பேரும் சேர்ந்துகொள்வார்கள். மூன்று வருஷமாக அது அவன் வரி.

மஞ்சக்குட்டை இந்தப் பயணத்தில் சேர்ந்ததற்கும் அவன்தான் காரணம். அவனுடைய அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, அங்கே காபித் தோட்டத்தில் வேலை செய்கிறார். மகளை மலையிலிருந்து கீழே கட்டிக்கொடுத்த பிறகு, வருஷத்துக்கு ஒரு முறை இறங்கி வந்தால் அதிகம். பேரன் பாடுவதை அவர் நேரில் கேட்டதே இல்லை. பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த ஒரு வரியைக் கேட்டிருக்கிறார். "இன்னொருக்கா பாடு சாமி" என்று ஒரே நாளில் நாலு முறை பாடச் சொல்லியிருக்கிறார்.

ஈரோட்டில் அந்த வரி நன்றாகத்தான் வந்தது. சேலத்தில், வரியின் கடைசியில் மேலே ஏறும் இடத்தில் குரலில் ஏதோ ஒன்று உரசியது. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. டீச்சருக்கும் தெரிந்தது. இரவு மண்டபத்தில் மற்றவர்கள் தூங்கிய பிறகு, அவன் பின்பக்கக் குழாயடியில் உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

பதினோராவது வளைவு. வெயில் மரங்களுக்கு நடுவே பளிச்சென்று விழுந்தது. கீழே சேலம் நகரம் புகைக்குள் குட்டி குட்டிக் கட்டங்களாகத் தெரிந்தது. பஸ் இரண்டாவது கியருக்கு மாற, சுருதிப் பெட்டி முனக ஆரம்பித்தது.

"கடைசிப் பாட்டு ஒரு தரம் மெதுவாப் பாத்துரலாம்" என்றார் டீச்சர். "நீ ஆரம்பி தங்கம்."

அவன் ஆரம்பித்தான். முதல் மூன்று ஸ்வரங்கள் சரியாக இருந்தன. நாலாவது ஏறும் இடத்தில், மிதிக்கும்போதே சைக்கிள் செயின் கழன்றுகொள்ளுமே, அந்த மாதிரி குரல் கழன்று கீழே விழுந்தது. பிறகு ஒரு கீச்சு.

"சேவல் கூவுதுடா!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். ஆனால் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காது மடல் சிவந்திருந்தது.

தமிழில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது. மகரக்கட்டு. பையன்களுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்துக்குள் குரல் உடையும் பருவம். குரல்வளை பெரிதாகிறது. உள்ளே இருக்கும் குரல் நாண்கள் நீளமாகின்றன, தடிக்கின்றன. வீணையில் மெல்லிய தந்தியைக் கழற்றிவிட்டுக் கனமான தந்தியைக் கட்டினால் நாதம் கீழே இறங்குவதுபோல, குரல் சுமார் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. புதுத் தந்தியை மீட்டத் தசைகள் பழக வேண்டும். அதுவரை நினைத்த ஸ்வரம் ஒன்றாகவும் வரும் ஸ்வரம் வேறாகவும் இருக்கும். சில மாதங்கள் ஆகலாம், ஓரிரு வருஷங்களும் ஆகலாம். பெண் பிள்ளைகளின் குரலும் அந்த வயதில் மாறத்தான் செய்கிறது. ஆனால் கொஞ்சம்தான் இறங்கும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

பாடிப் பிழைத்த பையன்களுக்கு அந்தக் காலத்தில் மகரக்கட்டு பெரிய கண்டம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலம், பாய்ஸ் கம்பெனிகளின் காலம். ஊர் ஊராகச் சாமான்களோடு போய், மாதக்கணக்கில் தங்கி நாடகம் போடுவார்கள். ஆண் வேஷம், பெண் வேஷம் எல்லாமே பையன்கள்தான். மைக் இல்லாத மேடையில், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி உச்சக் குரலில் பாட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவனுக்குக் குரல் உடைந்தால், நேற்று வரை அவன் போட்ட ராஜா வேஷம் நாளை வேறு பையனுக்குப் போய்விடும்.

உலகம் முழுக்க இதே கதைதான். 1498-ல் மாக்சிமிலியன் மன்னர் காலத்தில் வேர்விட்ட வியன்னா சிறுவர் பாடகர் குழு இன்றும் உலகம் சுற்றிப் பாடுகிறது. ஏறக்குறைய 100 சிறுவர்கள், நான்கு குழுக்களாகப் பிரிந்து பயணம் போகிறார்கள். குரல் உடைந்ததும் அந்தக் குழுவில் பாடுவது முடிந்துவிடும். நான்கு குழுக்களில் ஒன்றுக்கு ஹைடன் என்று பெயர். அந்த ஹைடன் சிறுவனாக வியன்னாவின் பெரிய தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தவர்தான். குரல் உடைந்ததும் அவரையும் வெளியே அனுப்பினார்கள். பின்னாளில் அவர் எழுதிய சிம்பொனிகள் மட்டும் நூற்றுக்கு மேல்.

பதினாலாவது வளைவில் பஸ் நின்றது. மேலேயிருந்து மரம் ஏற்றி வந்த லாரி ஒன்று, திரும்ப முடியாமல் வளைவில் மாட்டிக்கொண்டிருந்தது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை வழக்கம். வழிவிட அந்த லாரிக்கு இடமில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் குரங்குகளை வேடிக்கை பார்த்தார்கள்.

டீச்சர் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இருக்குது?"

"பொங்கல்லருந்து மிஸ்."

"ஏன் சொல்லலை?"

அவன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் பஸ்லயே இருந்துக்கறேன் மிஸ். காய்ச்சல்னு சொல்லிருங்க" என்றான்.

"காய்ச்சல் இல்லையே. இது வியாதியும் இல்லை."

"சரியாப் போயிருமா?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது சுலபம். வெந்நீர் குடி, மிளகு சாப்பிடு, சாயந்தரம் சரியாகிவிடும் என்று சொல்லிவிடலாம். டீச்சர் சொல்லவில்லை.

"அந்தக் குரல் திரும்ப வராது கண்ணு. வேற குரல் வரும். அது எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. வர்ற வரைக்கும் மேல இழுத்துப் பிடிச்சுப் பாடக் கூடாது. இழுத்தா, வரப்போறதும் கெட்டுப் போயிரும்."

"அப்ப அந்த வரி?"

"ஏழாவது படிக்கிறாளே, நடுக் குரல்ல, ரெட்டை ஜடை. அவ பாடட்டும்."

அவன் முகம் மாறியது. "அம்மாயி வர்றதே அந்த வரிக்குத்தான் மிஸ்!" என்றான். அதைச் சொல்லும்போதும் குரல் உடைந்தது. அதனாலேயே கோபம் இன்னும் அதிகமானது.

டீச்சர் எழுந்து போகவில்லை. தன் இளமையில் வானொலியில் சேர்ந்திசை கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் சேர்ந்திசை என்றால் எம்.பி.சீனிவாசன் பெயர்தான் முதலில் வரும். எம்.பி.எஸ். 1925-ல் பிறந்தவர். 'பாதை தெரியுது பார்' படத்துக்கும் ஏராளமான மலையாளப் படங்களுக்கும் இசையமைத்தவர். திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்ததில் முன்னோடி. 1970 வாக்கில் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பாரதியார் பாடல்களை எடுத்து, மேல் குரல், கீழ்க் குரல் என்று பிரித்து, பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே இடத்தில் சந்திப்பதுபோல இசையமைத்தார். பாடியவர்கள் பெரிய வித்வான்கள் அல்ல. சாதாரண இளைஞர்கள். சேர்ந்திசை வேலையாகப் போயிருந்த லட்சத்தீவில் 1988 மார்ச்சில் அவர் காலமானார். அவர் தொடங்கிய குழு அவருக்குப் பிறகும் பாடியது.

டீச்சர் அவரிடம் நேரில் பாடம் கேட்டதில்லை. ஆனால் வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அவர் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஒரே மாதிரி குரல்கள் நூறு சேர்ந்தாலும் அது கும்பல்தான். உசந்த குரலுக்குக் கீழே நிற்க ஒரு குரல் வேண்டும். அந்தக் கீழ்க்குரலைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டே தரையில் நிற்காது.

"அவ பயந்தவ" என்றார் டீச்சர். "பயத்துல மேல எடுத்துருவா. ஆரம்பமே மேல போயிட்டா அப்புறம் 32 பேருக்கும் எட்டாது. அவ பாடறதுக்கு முன்னாடி கீழ சா பிடிச்சுக் குடுக்க ஒரு ஆள் வேணும். அவ வரியை முடிக்கிற வரைக்கும் அதை விடாமப் பிடிச்சிருக்கணும். உனக்கு இப்ப உடையாம வர்றது கீழதான்."

"ஒரே ஒரு ஸ்வரமா?"

"ஒண்ணே ஒண்ணு."

"அதுக்குப் பேரு பாட்டா மிஸ்?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் லாரி நகர்ந்தது. டிரைவர் ஏறி எஞ்சினைக் கிளப்பினார்.

ஒண்டிக்கடையில் டீ. ஏரியில் படகுகள். சிலருக்கு மிளகாய் பஜ்ஜி வேண்டும், சிலருக்கு வாந்திக் கவரைத் தூக்கிப்போட இடம் வேண்டும். பிறகு மஞ்சக்குட்டைக்குப் போகும் குறுகலான சாலை. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக்கொடிகள், நிழலில் காபிச் செடிகள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த பயிர். இன்றைக்கும் இந்த மலையில் பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. ஜனவரி பறிப்புக் காலம். ஓரங்களில் சாக்குகள் நின்றன. களங்களில் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"மஞ்சக்குட்டைல மஞ்ச எங்க, குட்டை எங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

குழுவின் சீருடை மஞ்சள் சட்டை. குழுவிலேயே குள்ளமான பையன் சீட்டில் ஏறி நின்று, "மஞ்சளும் வந்தாச்சு, குட்டையும் வந்தாச்சு!" என்று தன்னைக் காட்டினான். பஸ் மறுபடி சிரித்தது. ஜன்னல் சீட்டுக்காரன் சிரிக்கவில்லை.

பள்ளி மைதானத்தில் ஊர் கூடியிருந்தது. தரையில் ஜமக்காளம், ஓரத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. குளிருக்குத் துண்டைத் தலையில் சுற்றிய பெரியவர்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், முன்வரிசையில் சம்மணம் போட்ட பள்ளிப் பிள்ளைகள். மேடை ஏறியதும் அவன் கண்கள் கூட்டத்தைத் துழாவின. அம்மாயி இல்லை. பறிப்புக் காலத்தில் ஞாயிறும் அரை நாள் வேலை உண்டு, முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு பாட்டாக முடிந்தது. ஊர்க்காரர்கள் முதலில் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்கள். நாலாவது பாட்டில் முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். இன்னும் அம்மாயி வரவில்லை.

கடைசிப் பாட்டு. ரெட்டை ஜடைக்காரி ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். தாவணி முனையைத் திருகுவதுபோலச் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். டீச்சர் கையை உயர்த்தி அவனைப் பார்த்தார்.

அவன் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மேடையில் நிற்பவர்களுக்கு அது ரொம்ப நீளமான நேரம். டீச்சரின் கை அப்படியே நின்றது. ரெட்டை ஜடைக்காரி மெல்லத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவள் உதடு நடுங்குவது அவனுக்குத் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் மேடையில், தனக்கும் அப்படித்தான் நடுங்கியது என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவன் சா பிடித்தான். அதிக சத்தமில்லை. உடையவும் இல்லை.

அவள் கண்ணை மூடி அதைக் கேட்டாள். பிறகு, சரியான இடத்திலிருந்து, அந்த வரியை ஆரம்பித்தாள். மேலே ஏறும் இடத்தில் கொஞ்சம் தயங்கினாள். கீழே அந்தச் சா அசையாமல் நின்றது. அவள் ஏறிவிட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

பாட்டின் கடைசிச் சரணத்தில்தான் மைதானத்தின் மூலையில் அம்மாயி வந்து சேர்ந்தார். இடுப்பில் இன்னும் பறிப்புப் பை. விரல் நுனிகளில் காபிப் பழக் கறை. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அந்த முதல் வரியை யார் பாடியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

பாட்டு முடிந்து பிள்ளைகள் இறங்கியதும், அவன் நேராக அவரிடம் போனான்.

"நான் வர்றதுக்குள்ள பாடி முடிச்சிட்டியா சாமி? நானும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறேன், உன் சத்தமே கேக்கலையே" என்றார் அம்மாயி. ஏமாற்றத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"பாடுனேன் அம்மாயி. கீழ பாடுனேன்."

அம்மாயி ஒரு நிமிஷம் அவனை உற்றுப் பார்த்தார்.

"இன்னொருக்கா சொல்லு?"

"கீழ பாடுனேன்னு சொன்னேன்."

"அட!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டார் அம்மாயி. பக்கத்தில் நின்ற பெண்ணைத் தோளில் தட்டி, "கேட்டியா, இவன் பேசறது அப்படியே இவங்க அப்புச்சி பேசறாப்பல இருக்குது" என்றார். அப்புச்சி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. "பேசு சாமி, இன்னும் ரெண்டு வார்த்தை பேசு."

என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "சாப்ட்டீங்களா அம்மாயி?" என்று கேட்டான். அதற்கே அம்மாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்காமலேயே பறிப்புப் பைக்குள் கையை விட்டு, அதன் அடியிலிருந்து ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். 32 பிள்ளைகளுக்குப் போதாது. சுளை சுளையாகப் பிரித்ததில் எல்லாருக்கும் கிடைத்தது. டிரைவருக்கும் ஒன்று போனது.

பிற்பகல் மூன்று மணிக்கு பஸ் இறங்கத் தொடங்கியது.

"ஏறின கியர்லயேதான் இறங்கணும்" என்று டிரைவர் யாரும் கேட்காமலேயே சொன்னார். "பிரேக்கை மட்டும் நம்புனா பாதி வழியில சூடாகிப் போயிரும்."

டீச்சர் தன் நோட்டைத் திறந்தார். 'மேல் குரல்' என்ற தலைப்பின் கீழே முதலில் இருந்த ஒரு பெயரை ஒரே கோட்டில் அடித்தார். 'கீழ்க் குரல்' என்ற தலைப்பின் கீழே, கடைசியில், அதே பெயரை எழுதினார். முடிந்தது. அதற்கு மேல் அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பிள்ளைகளில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இரட்டையர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். ரெட்டை ஜடைக்காரி, சேவல் என்று காலையில் கத்திய பையனிடம், தான் பாடியது எப்படி இருந்தது என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோராவது வளைவில் டிரைவர் மறுபடி இரண்டாவது கியருக்கு மாற்றினார். வண்டி அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று முனகியது. விழித்திருந்த பிள்ளைகள் வழக்கம்போல ஒரு ஸ்தாயி மேலே அதைப் பிடித்தார்கள்.

ஜன்னல் சீட்டுக்காரன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, யாரும் கவனிக்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, கீழே போனான். பஸ் எங்கே முனகிக்கொண்டிருந்ததோ, அதே இடத்துக்கு. அங்கே போய் நின்றபோது தன் குரல் எது, எஞ்சின் சத்தம் எது என்று அவனுக்கே தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். அதிர்ந்தது.

முன் சீட்டில் டிரைவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"என்னடா இது, வண்டி சத்தம் ரெண்டாக் கேக்குது?"